கையில் எழும்பிய தடிப்பும் டி செல்களின் நினைவும்

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். காசிமேட்டிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் மாமனாருக்கு மூன்று வாரங்களுக்கு முன் சளிப் பரிசோதனையில் காசநோய் உறுதியாகிச் சிகிச்சை தொடங்கியிருக்கிறது. ஒரே அறையில் எல்லோரும் படுத்து எழும் வீடு என்பதால் உங்கள் பன்னிரண்டு வயது மகளுக்கு, காசநோய்க் கிருமி உடலில் நுழைந்திருக்கிறதா என்று கைத்தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மான்டூ பரிசோதனை செய்திருக்கிறார்கள்; மூன்றாம் நாள் அளந்தபோது 16 மில்லிமீட்டர் தடிப்பு இருந்திருக்கிறது. எக்ஸ்ரேயில் குறை எதுவும் இல்லை, இருமலோ காய்ச்சலோ இல்லை, எடையும் குறையவில்லை. ஆனாலும் வாரம் ஒரு வேளை வீதம் பன்னிரண்டு வாரங்களுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நோயே இல்லாத பிள்ளைக்கு டி.பி. மாத்திரை எதற்கு, பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசி என்ன ஆயிற்று, கையைப் பார்த்த ஆய்வகப் பெண் "டி செல் நன்றாக வேலை செய்கிறது" என்றாரே அது நல்லதா கெட்டதா, எதிர்ப்புச் சக்தி டானிக் கொடுத்தால் மாத்திரை இல்லாமலே சரியாகிவிடாதா, மாமனாரை ஊருக்கு அனுப்பிவிடலாமா என்று அடுக்கடுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தின் கடைசி வரியில், மூன்று வயது மகன் ஒருவன் இருக்கிறான், அவனுக்கு ஒன்றுமில்லை என்பதால் எங்கும் அழைத்துச் செல்லவில்லை என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். தயவுசெய்து நாளைக் காலையிலேயே அவனை, மகளைப் பார்த்த அதே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சளியில் கிருமி உள்ள ஒருவரோடு ஒரே வீட்டில் வாழும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, நோய் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, மான்டூ முடிவுக்குக்கூடக் காத்திராமல் தடுப்பு மருந்து தொடங்க வேண்டும் என்பது நம் நாட்டுக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் நெறிமுறை. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்; அழைத்துச் செல்வதை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

இனி மகளைப் பற்றி. அவளுக்குக் காசநோய் இல்லை. காசநோய்க் கிருமி அவள் உடலுக்குள் நுழைந்திருக்கிறது. அவளுடைய டி செல்கள் அதை அடையாளம் கண்டு, ஓரிடத்தில் சுற்றி வளைத்து, அடக்கி வைத்திருக்கின்றன. கையில் எழும்பிய தடிப்பு அந்தச் சந்திப்பின் நினைவு. அந்த வளையம் உறுதியாக இருக்கும்போதே உள்ளே பதுங்கியிருக்கும் கிருமியைக் கொன்றுவிடுவதற்காகத்தான் மாத்திரை. இந்த வேலையை எந்த டானிக்காலும் செய்ய முடியாது. உங்களுக்கு வேண்டிய முடிவு இவ்வளவுதான் என்றாலும், "சொன்னதைச் செய்" என்று மட்டும் சொல்லி அனுப்பிய குடும்பங்கள் நான்காவது வாரத்தில் மாத்திரையை நிறுத்திவிடுவதை வட சென்னையில் பல ஆண்டுகளாக நெஞ்சக நோய்ச் சிகிச்சை செய்துவரும் நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று புரிந்துகொண்டவர்கள் பன்னிரண்டு வாரத்தையும் முடிக்கிறார்கள். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுகிறேன். டி செல்லில் வரும் "டி"க்கும் டி.பி.யில் வரும் "டி"க்கும் தொடர்பில்லை. டி செல் என்பது ரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகை. தைமஸ் என்ற சுரப்பியில் வளர்ந்து தேறுவதால் அதன் முதலெழுத்தைப் பெயராகக் கொண்டது. தைமஸ், நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே இரண்டு மடல்களாக இருக்கும் மென்மையான உறுப்பு. கைக்குழந்தைகளின் நெஞ்சு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், சில குழந்தைகளுக்கு இதய நிழலின் பக்கவாட்டில் முக்கோணமாக ஒரு வெண்ணிழல் நீட்டிக்கொண்டிருக்கும். விரித்த பாயைப் போல இருப்பதால் மருத்துவர்கள் அதைப் பாய்மர அடையாளம் என்றே அழைக்கிறார்கள். கட்டுமரத்தில் பாய் விரித்துப் போனதைக் கண்ட பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அந்தப் படத்தைக் காட்டியவுடன் உருவத்தை இனங்கண்டுகொள்வார்கள். அந்தப் பாய்தான் தைமஸ். பருவ வயதுக்குப் பிறகு அது சிறுகச் சிறுகச் சுருங்கி, கொழுப்பு அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும். நம் ஆயுளுக்கு வேண்டிய டி செல்களில் பெரும்பகுதியை அது சிறுவயதிலேயே தயாரித்துத் தந்துவிடுகிறது.

இந்த உறுப்பு எதற்காக இருக்கிறது என்பதே 1961 வரை மருத்துவத்துக்குத் தெரியாமல் இருந்தது. அந்த ஆண்டில் லண்டனில் ஜாக் மில்லர் என்ற ஆராய்ச்சியாளர், பிறந்த உடனேயே தைமஸை நீக்கிய சுண்டெலிகள் சில வாரங்களில் மெலிந்து, தொற்றுகளுக்கு ஆளாகி இறப்பதையும், அவை வேறொரு எலியின் தோலை ஒட்டினால்கூட எதிர்ப்பில்லாமல் ஏற்றுக்கொள்வதையும் கண்டறிந்து எழுதினார். அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளில், குழந்தைகளின் பெரிய தைமஸை நோய் என்று தவறாக எண்ணி, கதிர்வீச்சு கொடுத்துச் சுருக்கிய மருத்துவர்கள் மேலைநாடுகளில் இருந்தார்கள். அப்படிச் சிகிச்சை பெற்ற குழந்தைகளில் சிலருக்குப் பிற்காலத்தில் தைராய்டு புற்றுநோய் வந்தது. புரியாத ஒன்றை வேண்டாதது என்று முடிவுகட்டியதால் நேர்ந்த துயரம் அது. மருத்துவ மாணவர்களுக்கு நான் இதைத் தவறாமல் சொல்வதுண்டு.

டி செல் பிறப்பது தைமஸில் அல்ல, எலும்பு மஜ்ஜையில். அங்குள்ள குருத்தணுக்களிலிருந்து கிளம்பும் இளம் செல்கள் ரத்தத்தின் வழியே தைமஸை வந்தடைகின்றன. வரும்போது அவற்றுக்கு எதையும் அடையாளம் காணத் தெரியாது. தைமஸின் வெளிப்புறப் பகுதியில், ஒவ்வொரு செல்லும் தன் மரபணுத் துண்டுகள் சிலவற்றைக் கலைத்து, வெட்டி, ஒட்டி, தனக்கே உரிய ஓர் ஏற்பியைத் தன் மேற்பரப்பில் உருவாக்கிக்கொள்கிறது. ஏற்பி என்பதைத் தொட்டு உணரும் விரல்நுனி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கலைத்தல் எந்தத் திட்டமும் இல்லாமல் நடப்பதால், கோடிக்கணக்கான செல்களில் கோடிக்கணக்கான விதமான விரல்நுனிகள் அமைகின்றன. எந்தக் கிருமி வரப்போகிறது என்று உடலுக்கு முன்கூட்டித் தெரியாது; தெரியாததனால்தான், எது வந்தாலும் அதைத் தொட்டறிய ஒரு விரலாவது இருக்கும்படி இத்தனை விதங்களை உண்டாக்கி வைக்கிறது. உங்கள் மகள் உங்கள் வயிற்றிலிருந்து வந்தபோதே, காசநோய்க் கிருமியைக் காணாமலே அதை அடையாளம் காணக்கூடிய சில செல்களும் அவளிடம் இருந்தன என்று சொன்னால் அது மிகையில்லை.

ஆனால் திட்டமில்லாமல் கலைத்தால் பயனற்றவையும் ஆபத்தானவையும் சேர்ந்தே உருவாகும் அல்லவா? அதனால் தைமஸ் இரண்டு கட்டமாகச் சலிக்கிறது. முதல் கட்டத்தைப் புரிந்துகொள்ள, டி செல் எப்படிப் பார்க்கிறது என்று தெரிய வேண்டும். டி செல்லால் கிருமியை நேராகப் பார்க்க முடியாது. கொத்தவால் சாவடிப் பக்கம் அரிசி மண்டிகளில், மூட்டையைப் பிரிக்காமல் குத்தூசியால் குத்தி, வெளியே வரும் ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில் வைத்து வியாபாரி காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் சரக்கு என்ன என்பதை அந்த ஒரு பிடி சொல்லிவிடும். நம் உடலின் செல்களும் ஏறக்குறைய அப்படித்தான் தமக்குள் இருக்கும் புரதங்களைச் சிறு துணுக்குகளாக நறுக்கி, எச்.எல்.ஏ. என்ற புரதத்தின் மேல் வைத்து வெளியே நீட்டிக் காட்டிக்கொண்டே இருக்கின்றன. (சிறுநீரக மாற்று அறுவைக்கு முன் பொருத்தம் பார்க்கிறார்களே, அதே எச்.எல்.ஏ.தான்.) டி செல் அந்த உள்ளங்கையையும் அதிலுள்ள துணுக்கையும் சேர்த்தே தொட்டுப் பார்க்கிறது. 1974-ல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் பீட்டர் டோஹர்டியும் ரோல்ஃப் சிங்கர்நாகலும் இதைக் கண்டறிந்தார்கள். 1996-ல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார்கள். ஆகவே முதல் சலிப்பில், தன் உடலின் எச்.எல்.ஏ.யைத் தொட்டு உணரவே தெரியாத செல்கள் தங்கிவாழ்வதற்கான சமிக்ஞை கிடைக்காமல் மடிந்துபோகின்றன.

இரண்டாம் சலிப்பு இன்னும் கடுமையானது. தைமஸின் உட்பகுதியில் உள்ள சில செல்கள், வேறெங்கும் காணாத ஒரு திறமையோடு, கணையத்தில் மட்டும் உண்டாகும் இன்சுலின் போன்ற பல உறுப்புகளின் புரதங்களைத் தாமே சிறிதளவு தயாரித்து, துணுக்குகளாக்கிக் காட்டுகின்றன. அந்தச் சொந்தத் துணுக்கை இறுகப் பற்றிக்கொள்ளும் டி செல் வெளியே போனால் சொந்த உடலையே தாக்கும். ஆகவே அது அங்கேயே அழிக்கப்படுகிறது. இரண்டு சலிப்பையும் தாண்டி ரத்தத்துக்கு வருபவை நூற்றில் ஐந்துக்கும் குறைவு. இவ்வளவு சேதாரத்தோடு உடல் வேறெந்தப் பொருளையும் தயாரிப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டானிக்கைப் பற்றிய உங்கள் கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது.

தேறி வரும் செல்கள் இரண்டு பெரும் பிரிவாக இருக்கின்றன. சி.டி.8 வகை, கிருமி புகுந்த செல்லையே துளையிட்டுச் சாகடிப்பவை. சி.டி.4 வகை, தாம் நேரடியாகக் கொல்லாமல் மற்றச் செல்களுக்குக் கட்டளையும் ஊக்கமும் தருபவை. காசநோயில் நமக்கு முதன்மையாக வேண்டியது இந்தச் சி.டி.4.

இப்போது உங்கள் வீட்டு அறைக்கு வருவோம். மாமனார் இருமியபோது காற்றில் மிதந்த நுண்துளிகளில் ஒன்று மகளின் நுரையீரலின் அடிமட்டக் காற்றறை வரை போயிருக்கிறது. அங்கே காவலிருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற பெருவிழுங்கி செல் கிருமியை விழுங்கியிருக்கும். வேறு கிருமியானால் கதை அங்கேயே முடிந்திருக்கும். காசநோய்க் கிருமியோ, தன்னை விழுங்கிய செல்லுக்குள்ளேயே குடியிருந்து மெல்லப் பெருகும் வல்லமை கொண்டது. ஒரு கிருமி இரண்டாகப் பிரிவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. இந்த மந்தகதியே அதன் தந்திரம். கிருமியின் துணுக்கை ஏந்திய, டென்ட்ரிடிக் செல்கள் என்ற தூதுச் செல்கள் நெஞ்சுக்குள் இருக்கும் நிணநீர் முடிச்சுகளுக்குப் போய்ச் சேரவே நாளாகும். கழுத்தில் "நெறி கட்டியிருக்கிறது" என்கிறோமே, அந்த நெறிகளைப் போன்றவையே இந்த முடிச்சுகளும். அங்கே ஓயாமல் வந்துபோகும் டி செல்களில், லட்சத்தில் ஒன்றோ பத்து லட்சத்தில் ஒன்றோ, அந்தத் துணுக்குக்குப் பொருந்தும் விரல்நுனியோடு வருகிறது. தொட்டது பொருந்தினால் மட்டும் போதாது. டென்ட்ரிடிக் செல் "இது உண்மையான ஆபத்து" என்று இரண்டாவது சமிக்ஞை ஒன்றையும் தந்தால்தான் டி செல் கிளர்ந்தெழும். பிறகு அது பலமுறை பிரிந்து பெருகி, ஆயிரக்கணக்கான நகல்களாக நுரையீரலுக்குத் திரும்புகிறது. கிருமி நுழைந்து டி செல்கள் இப்படித் தயாராவதற்கு 2 முதல் 8 வாரங்கள் வரை ஆகலாம். அதனால்தான், தொடர்பு ஏற்பட்ட உடனே செய்த மான்டூவில் தடிப்பு இல்லை என்று ஒருவர் நிம்மதியடையக் கூடாது என்கிறோம்.

நுரையீரலுக்குத் திரும்பிய சி.டி.4 செல், கிருமியை விழுங்கிவிட்டுச் செய்வதறியாது நிற்கும் மேக்ரோஃபேஜைத் தொட்டு, இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளைச் சுரக்கிறது. அதைப் பெற்ற மேக்ரோஃபேஜ், அதுவரை இல்லாத வேகத்தோடு தனக்குள் இருக்கும் கிருமியை அழிக்க முற்படுகிறது. அழிக்க முடியாத இடத்தில் சுற்றி வளைக்கிறது. திசுத் துண்டைச் சாயமேற்றி நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் இந்த வளையத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம்: நடுவில் வெளிறிய, அமைப்பிழந்த, பாலாடைக்கட்டி போன்ற பகுதி, அதைச் சுற்றி நெருக்கமாக அடுக்கிய வெளிர்நிற மேக்ரோஃபேஜ்கள், அவற்றில் சில ஒன்றோடொன்று சேர்ந்து குதிரை லாட வடிவில் பல உட்கருக்களை ஏந்திய பெருஞ்செல்லாகியிருக்கும், எல்லாவற்றுக்கும் வெளியே, கடுகு தூவியது போல, கருநீலப் புள்ளிகளாக டி செல்களின் வளையம். கிரானுலோமா என்பது இதன் பெயர். நான் மாணவனாக இருந்தபோது முதன்முதலில் இதைப் பார்த்து, அந்தக் கருநீலப் புள்ளிகளிடமிருந்து வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. உங்கள் மகளின் நெஞ்சுக்குள், எக்ஸ்ரேயில் தெரியாத அளவில், இப்படியொரு காவல் நடந்துகொண்டிருக்கிறது.

போரில் பெருகிய டி செல்களில் பெரும்பாலானவை வேலை முடிந்ததும் மடிந்துவிட, ஒரு பங்கு மட்டும் நினைவுச் செல்களாக ஆண்டுக்கணக்கில் உடலைச் சுற்றிவருகின்றன. மான்டூ பரிசோதனை தேடுவது இவற்றைத்தான். கிருமியிலிருந்து பிரித்தெடுத்துத் தூய்மையாக்கிய புரதத்தை முன்கையின் தோலுக்குள் ஊசியால் செலுத்துகிறார்கள். அதில் உயிருள்ள கிருமி எதுவும் இல்லை, அதனால் பரிசோதனையால் நோய் வரும் என்ற உங்கள் பக்கத்து வீட்டாரின் பேச்சுக்கு இடமே இல்லை. கொசு கடித்தால் உடனே தடிக்கிறது. மான்டூவோ இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்கிறது. காரணம், அந்த வழியாகப் போகும் ஒரு சில நினைவுச் செல்கள் புரதத்தை இனங்கண்டு, சமிக்ஞை அனுப்பி, மற்றச் செல்களைக் கூட்டமாக வரவழைக்க அவ்வளவு நேரம் ஆகிறது. அதனால்தான் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் வரச் சொல்கிறோம். சிவப்பை அளப்பதில்லை. பால்பாயின்ட் பேனாவை வெளியிலிருந்து தடிப்பை நோக்கி மெல்ல நகர்த்தினால், கெட்டியான விளிம்பில் அது தடைப்பட்டு நிற்கும். இரு பக்கமும் அப்படி நின்ற இடங்களுக்கு இடையே, கையின் குறுக்கு வாக்கில், அளவுகோலை வைத்து அளக்கிறோம். 10 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் தொற்று ஏற்பட்டிருக்கிறது என்று கொள்கிறோம், மகளுக்கு 16. எண் பெரிதாக இருப்பதால் நோய் பெரிது என்று பொருளில்லை.

இந்தத் தடிப்பு செல்களின் வேலைதான் என்பதை, டி செல் என்ற பெயரே பிறக்காத காலத்தில் மெரில் சேஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் காட்டினார். தொற்றுள்ள கினிப் பன்றியின் சீரத்தை நலமுள்ள பன்றிக்குச் செலுத்தினால் தடிப்பு வரவில்லை. அதன் வெள்ளையணுக்களைச் செலுத்தினால் வந்தது. அவர் இதை வெளியிட்டது 1945-ல். நினைவு ரத்தத்தின் நீர்ப்பகுதியில் இல்லை, உயிருள்ள செல்களில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

ஆகவே ஆய்வகப் பெண் சொன்னது உண்மை. தடிப்பு எழாத கையே சில வேளைகளில் எங்களை அதிகம் கவலைகொள்ள வைக்கும். உடல் மிக மெலிந்த குழந்தைக்கும், தட்டம்மை வந்து தேறிய குழந்தைக்கும், எச்.ஐ.வி. முற்றியவருக்கும் கிருமி உள்ளே இருந்தும் தடிப்பு எழாமல் போகலாம். எழுப்ப வேண்டிய டி செல்கள் அங்கே சோர்ந்திருக்கும் அல்லது குறைந்திருக்கும். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் வெளிப்பட்டன. அந்த வைரஸ் குறிவைப்பது சி.டி.4 செல்களை. நலமுள்ளவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 500 முதல் 1500 வரை இருக்க வேண்டிய அந்தச் செல்கள் 200-க்குக் கீழே இறங்கும்போது, ஆண்டுக்கணக்கில் வளையத்துக்குள் அடங்கிக் கிடந்த காசநோய் வெளியே வருகிறது. முடக்குவாதத்துக்குத் தரும் டி.என்.எஃப். தடுப்பு மருந்துகளைத் தொடங்கும் முன் காசநோய்த் தொற்று இருக்கிறதா என்று பார்ப்பதும் இதனால்தான், டி.என்.எஃப். என்ற பொருள் அந்த வளையத்தின் செங்கற்களைப் பிணைத்து நிற்கும் சாந்து. சர்க்கரை நோய், புகை, மது, ஸ்டீராய்டு மாத்திரைகள், பட்டினி, முதுமை ஆகிய ஒவ்வொன்றும் அந்தச் சாந்தை ஏதோ ஓர் அளவில் உதிர்க்கின்றன.

இப்போது மாத்திரை எதற்கு என்ற கேள்விக்கு விடை எளிது. கிருமியை அடக்கி வைத்திருப்பவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு வாழ்நாளில் என்றாவது நோயாக வெடிக்கிறது. அந்த ஆபத்து, தொற்று ஏற்பட்ட முதல் இரண்டு ஆண்டுகளில்தான் மிகுதி. மகள் இப்போது அந்தக் காலத்தின் தொடக்கத்தில் நிற்கிறாள், பருவ வயதையும் எட்டிக்கொண்டிருக்கிறாள். அந்த வயதில் காசநோய் தலைதூக்கும் வாய்ப்பு மீண்டும் கூடுகிறது. டி செல்கள் கிருமிகளைச் சொற்ப எண்ணிக்கையில் அடக்கி வைத்திருக்கும் இந்த நேரத்தில் இரண்டே மருந்து, பன்னிரண்டே வேளை போதும். வளையம் உடைந்து கிருமி கோடிக்கணக்கில் பெருகிய பிறகு நான்கு மருந்தில் தொடங்கி ஆறு மாதமாவது ஓட வேண்டியிருக்கும். உங்கள் மாமனாரின் மாத்திரைப் பட்டையைப் பார்த்தாலே வேறுபாடு தெரியும்.

பி.சி.ஜி. என்ன ஆயிற்று என்று கேட்டீர்கள். அது தன் வேலையைச் செய்தது. கால்மெட், கெரான் என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் பதின்மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வளர்த்து வீரியம் குறைத்த, அந்த ஊசியில் உள்ள கிருமி, 1921 முதல் குழந்தைகளுக்குத் தரப்படுகிறது. சிறு குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயையும், உடலெங்கும் பரவும் வகையையும் அது பெருமளவு தடுக்கிறது. ஆனால் தொற்று நுழைவதை அது முழுமையாகத் தடுப்பதில்லை. பெரியவர்களின் நுரையீரல் காசநோயையும் தடுப்பதில்லை. இதை உலகுக்குச் சொன்னது நம் பக்கத்துச் செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-ல் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்த மாபெரும் ஆய்வு. மகளின் தடிப்பு பி.சி.ஜி.யால் வந்திருக்கலாமே என்றும் தோன்றலாம். பிறந்தபோது போட்ட ஊசியின் தடிப்பு பன்னிரண்டு வயதுக்குள் பெரும்பாலும் மங்கிவிடும். வீட்டில் நோயாளியும் இருக்க, 16 மில்லிமீட்டரை ஊசியின் கணக்கில் எழுத நான் துணியமாட்டேன்.

டானிக்கைப் பற்றி. நம் ஊர்க் கடைகளில் "இம்யூனிட்டி" என்று எழுதிய புட்டிகள் பெருகிவிட்டன. நூற்றில் தொண்ணூற்றைந்தைக் கழித்துக் கட்டித்தான் தைமஸ் டி செல்களை வெளியே விடுகிறது என்று மேலே சொன்னேன். அதன் பிறகும் நம்பாமல், மற்ற டி செல்களை அடக்கி வைப்பதற்கென்றே ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று ஒரு பிரிவை உடல் வைத்திருக்கிறது. இதைக் கண்டறிந்த ஷிமோன் சகாகுச்சிக்கும், அதன் மரபணுவை அடையாளம் காட்டிய மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் 2025-ன் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அந்த மரபணு பழுதான ஆண் குழந்தைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே சர்க்கரை நோயும் கட்டுக்கடங்காத வயிற்றுப்போக்கும் வருகின்றன. காசநோயிலும், நுரையீரலில் பெரும் பொந்துகள் விழுவதற்குக் கிருமியோடு நம் எதிர்ப்பின் மிகையும் ஒரு காரணம். எதிர்ப்பாற்றல், அடுப்பின் தீயைப் போல, அளவோடு எரிய வேண்டியது; ஏற்றிக்கொண்டே போக வேண்டியதல்ல. டானிக்குக்கு ஒதுக்கிய பணத்துக்கு முட்டையும் சுண்டலும் மத்தி மீனும் வாங்குங்கள். ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தாருக்கு உணவுப் பொருள்கள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-ல் வெளியானது; உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாக நோய் வருவது 39 விழுக்காடு குறைந்திருந்தது. மாமனாருக்குச் சிகிச்சைக் காலம் முழுவதும் அரசு தரும் ஊட்டச்சத்து உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1000 ரூபாய். வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்தாயிற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மாமனாரை ஊருக்கு அனுப்ப வேண்டாம். சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை ஆய்வு மையம், சென்னையின் ஏழை நோயாளிகளைக் கொண்டு நடத்திய முதல் ஆய்வே இந்தக் கேள்வியைப் பற்றியதுதான். நெரிசலான வீட்டிலேயே மருந்து எடுத்தவர்களும் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் தங்கி எடுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. பரவல் பெரும்பாலும் மருந்து தொடங்கும் முன் நடந்து முடிந்துவிடுகிறது. அவர் முறையாக மாத்திரை எடுக்கட்டும், வாயை மூடி இருமட்டும், சன்னல் பக்கம் படுக்கட்டும். முதுமையில் நோயோடு வீட்டை விட்டு அனுப்பப்பட்டவர் மருந்தைப் பாதியில் விட்டால், இழப்பு அவருக்கு மட்டுமல்ல.

மூன்று வயது மகனை ஏன் முதலில் சொன்னேன் என்பதற்கு வருகிறேன். அந்த வயதில் தைமஸ் முழு வேகத்தில் இயங்குகிறது, டி செல்களின் எண்ணிக்கை பெரியவர்களைவிட அதிகமாகவே இருக்கிறது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை இன்னும் எதையும் சந்திக்காதவை. மேக்ரோஃபேஜ்களைத் தூண்டும் இன்டர்ஃபெரான் காமாவைக் குழந்தைகளின் டி செல்கள் பெரியவர்கள் அளவுக்குச் சுரப்பதில்லை. அதனால் கிருமியைச் சுற்றி எழும் வளையம் நெகிழ்ந்திருக்கிறது. நுழைந்த கிருமி சில மாதங்களிலேயே நோயாகவும், சில குழந்தைகளில் மூளையுறை அழற்சியாகவும் மாறக்கூடும். "ஓடி விளையாடுகிறான், ஒன்றுமில்லை" என்ற தாயின் சொல்லை நம்பி நாங்கள் காத்திருக்கத் தயங்குவது இந்த ஒரு காரணத்தால்தான். அவனுக்கு எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை வயதையும் எடையையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். உங்களையும் கணவரையும் மாமியாரையும் அன்றே பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

மகளின் மாத்திரையைப் பற்றிச் சில குறிப்புகள். வாரத்தில் ஒரே கிழமையை வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி விடுமுறை நாளாக இருப்பது நல்லது. மாத்திரை எடுத்த அன்று சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். அது ரிஃபாபென்டின் என்ற மருந்தின் நிறம், பயப்பட வேண்டாம். ஆனால் சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுவது, தொடர்ந்து வாந்தி, மேல்வயிற்று வலி, கண்ணின் வெள்ளையில் மஞ்சள் படர்வது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த வேளையைக் கொடுக்காமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். கல்லீரல் பாதிப்பின் அடையாளமாக இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை, எடைக் குறைவு, கழுத்தில் நெறிக்கட்டி ஆகியவை மருந்தின் நடுவிலோ முடித்த பிறகோ தோன்றினாலும் அப்படியே. இன்னொரு முறை மான்டூ போட்டுப் பார்க்கக் கேட்காதீர்கள். கிருமி அழிந்த பிறகும் நினைவுச் செல்கள் இருக்கும், கை மறுபடி தடிக்கவே செய்யும். பள்ளிக்கு அவள் தாராளமாகப் போகலாம். அவளிடமிருந்து யாருக்கும் தொற்றாது, தனித் தட்டும் தனி டம்ளரும் தேவையில்லை. முதல் மாத்திரை கொடுக்கும் நாளில் அவளுடைய எடையை நாட்காட்டியில் எழுதி, பன்னிரண்டு வாரங்களையும் வட்டமிட்டு, ஒவ்வொரு வேளையும் விழுங்கியதும் அவள் கையாலேயே அடித்துக் குறிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருத்துவர்